ரோமில் பிடித்த நேரம், டோக்கியோவில் விட்ட நேரம்

2021 ஜூன் 26 அன்று ரோம் நகரின் செத்தே கோல்லி நீச்சல் போட்டியில் 200 மீட்டர் பட்டர்ஃபிளையை சஜன் பிரகாஷ் 1 நிமிடம் 56.38 விநாடியில் முடித்தார். டோக்கியோ ஒலிம்பிக்குக்கான ‘ஏ’ தகுதி நேரம் 1:56.48. இந்திய நீச்சல்காரர் ஒருவர் ‘ஏ’ எல்லைக்குள் வந்தது அதுதான் முதல் முறை. மறுநாள், தகுதிக்கான காலக்கெடு முடியும் நாளில், ஸ்ரீஹரி நட்ராஜ் 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கில் 53.77 எடுத்தார், எல்லை 53.85. இந்த இரண்டு நீச்சல்களையும் பற்றி நம்மிடையே எழுதப்பட்டவை பெரும்பாலும் வாழ்த்துரைகள். வாழ்த்தில் தவறில்லை. ஆனால் ஒரு படைப்பை மதிப்பிடும்போது எது எப்படிக் கட்டப்பட்டது, எவ்வளவு பாரம் தாங்கியது, எந்த இடத்தில் விட்டுப்போனது என்று கேட்போமே, அந்தக் கேள்விகளை விளையாட்டு ஆயத்தத்தின் மீதும் வைக்க வேண்டும். வைத்தால் கிடைக்கும் தீர்ப்பு வாழ்த்துரையிலிருந்து சற்று விலகி நிற்கிறது.

முதலில் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். தகுதிச்சுற்றுக்கான ஆயத்தம் தகுதி கிடைத்ததா என்ற ஒன்றால் மட்டும் அளக்கத்தக்கதல்ல. தகுதி என்பது இன்னொரு நீச்சலுக்குள் நுழைவதற்கான அனுமதி. அனுமதி வாங்கிய உடம்பும் மனமும் அந்த இன்னொரு நீச்சலில் என்ன மிச்சம் வைத்திருந்தன என்பதும் அதே ஆயத்தத்தின் கணக்கில்தான் வரும். காஞ்சியில் பட்டுப் புடவையை எடுத்துப் பார்ப்பவர்கள் உடலின் நிறத்தையும் கரையின் சரிகையையும் தனித்தனியே பாராட்டி முடித்துவிடுவதில்லை; இரண்டும் சேரும் கோர்வையில் விரல் வைத்துப் பார்க்கிறார்கள். சஜனின் 2021ஆம் ஆண்டை அப்படித்தான் பார்க்க வேண்டும் என்பது என் நிலை. ரோம் ஒரு பக்கம், டோக்கியோ மறுபக்கம், நடுவில் முப்பது நாள்.

சஜன் பிறந்தது கேரளத்தின் இடுக்கியில், 1993இல். நீந்தப் பழகியது நம் நெய்வேலியில். தாய் வி. ஜே. சாந்திமோள் முன்னாள் தடகள வீராங்கனை, நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் ஊழியர். நகரியத்தில் நீச்சல் குளம் இருந்தது. பிள்ளை அதில் இறங்கினான். 2015 தேசிய விளையாட்டில் கேரளத்துக்காக ஆறு தங்கம், மூன்று வெள்ளி. 2016 ரியோவில் உலகளாவிய பங்கேற்புக்கான ஒதுக்கீட்டு இடத்தில் 200 மீட்டர் பட்டர்ஃபிளை நீந்தி 1:59.37 எடுத்து 28ஆம் இடம். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இறுதிச்சுற்றுக்கு வந்து 1:57.75 நேரத்தில் ஐந்தாம் இடம். காஜன் சிங் 1986 சியோல் ஆசிய விளையாட்டில் வெள்ளி வாங்கிய அதே 200 மீட்டர் பட்டர்ஃபிளைதான் இது என்பதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இந்த நீச்சல் முறையே ஆயத்தத்தின் குறைகளை ஈவிரக்கமின்றி வெளிக்கொண்டுவரும். இரு கைகளும் ஒரே நேரத்தில் நீருக்கு மேலே வந்து முன்னே போக வேண்டும். தோள் களைத்துவிட்டால் கையை நீருக்கடியிலேயே முன்னே கொண்டுபோக விதி இடம் தராது. முதல் 50 மீட்டரில் கொஞ்சம் அதிகமாகக் கொடுத்துவிட்டால் அதன் கடன் மூன்றாவது 50 மீட்டரில் வட்டியுடன் வரும். ஒவ்வொரு திருப்பத்துக்குப் பின்னும் நீருக்கடியில் 15 மீட்டர் வரை டால்பின் கிக் அடிக்கலாம். அந்த நீருக்கடி ஓட்டம்தான் இன்றைய நேரங்களைத் தீர்மானிக்கிறது. ஆனால் அதற்கு மூச்சை அடக்க வேண்டும், தசையோ காற்றுக்குத் தவிக்கும். ஆகவே இதற்கான பயிற்சி பல மாதம் தூரம் நீந்தித் தாங்குதிறனைக் கட்டும். பிறகு போட்டி வேகத்திலேயே துண்டு துண்டாக நீந்தவைத்து அந்த வேகத்தை உடம்புக்குப் பழக்கும். கடைசி இரண்டு மூன்று வாரத்தில் நீந்தும் தூரத்தைக் குறைத்து வேகத்தைக் குறைக்காமல் வைத்திருக்கும். இந்தக் கடைசிக் கட்டத்துக்குப் பயிற்சியாளர்களின் பேச்சில் டேப்பர் என்று பெயர். நன்றாகச் செய்த டேப்பர் தேர்ந்த நீச்சல்காரருக்கு ஏறத்தாழ 2 சதவீதம் நேரத்தை மீட்டுத் தரும். சஜனின் 200 மீட்டரில் 2 சதவீதம் என்பது இரண்டு விநாடிக்கும் மேல். ரியோவிலிருந்து டோக்கியோவுக்கு ஐந்தாண்டில் அவர் குறைத்ததும் அவ்வளவுதான்.

இந்தப் பின்னணியில் ரோமுக்கு முந்தைய ஆயத்தத்தைப் பார்த்தால் மதிப்பு கூடுகிறது. தகுதிக்கான காலம் 2019 மார்ச் 1 அன்றே திறந்துவிட்டது. ஆனால் சஜனுக்குக் கழுத்தில் வட்டு பிதுங்கி, தோளையும் கையையும் பாதித்தது. பட்டர்ஃபிளைக்காரருக்குத் தோள் இல்லையென்றால் எதுவும் இல்லை. 2020இல் பெருந்தொற்று வந்தபோது அவர் தாய்லாந்தின் புக்கெட்டில் இருந்தார். அங்கேயே மாதக்கணக்கில் தங்க நேர்ந்தது. இந்தியாவில் போட்டி நீச்சல்காரர்களுக்குக் குளங்கள் திறந்தது அந்த ஆண்டு அக்டோபரில்தான். அதற்குள் அவர் துபாய்க்குப் போய்ப் பழைய பயிற்சியாளர் பிரதீப் குமாரிடம் சேர்ந்துவிட்டார். கேரளக் காவல்துறையில் வேலை உறுதியாக இருந்தவர் அவர். தேசிய அளவில் அவரைத் தொட அவருடைய நீச்சலில் ஆள் இல்லை. 27 வயதில் இதோடு போதும் என்று நிறுத்தியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. துபாய்ப் பயணம் என்ற அந்த ஒரு முடிவு, அவர் மனநிலை பற்றி வெளியான எந்தப் பேட்டியையும்விடத் தெளிவான சான்று.

மனநிலை என்ற சொல்லை நாம் தளர்வாகப் பயன்படுத்துகிறோம் என்பதால் இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ரோமில் அவர் எல்லையை முந்தியது 0.10 விநாடியில். அவர் நீந்திய சராசரி வேகத்தில் அது சுமார் 17 செண்டிமீட்டர், ஒரு சாணுக்கும் குறைவு. அந்தச் சாணுக்கு இந்தப் பக்கம் முடித்ததால் மன உறுதி, விடாமுயற்சி, ஒருமுகம் என்று எழுதினோம். அந்தப் பக்கம் முடித்திருந்தால் அதே மனத்தை வைத்து நெருக்கடியில் தடுமாறினார் என்று எழுதியிருப்போம். முடிவைப் பார்த்துவிட்டு அதிலிருந்து பின்னோக்கி மனத்தை வரைவது விமர்சன முறையாகாது. நேரம் தெரிவதற்கு முன்பே எடுக்கப்பட்ட முடிவுகளில்தான் மனநிலையைப் படிக்க முடியும். எந்தப் போட்டியில் இறங்கினார், எதைத் தவிர்த்தார், தவறிய மறுநாள் என்ன செய்தார் என்பவையே ஆதாரம்.

அந்த ஆதாரம் சஜனுக்குச் சாதகமாகவே பேசுகிறது. ரோமுக்கு ஒரு வாரம் முன் பெல்கிரேடில் அவர் எடுத்தது 1:56.96. அது தேசிய சாதனை; எல்லைக்கு 0.48 விநாடி பின்னே. சாதனை படைத்தும் தகுதி கிடைக்காத நீச்சல் அது. ஒரே நேரத்தில் மகிழ்ச்சியும் ஏமாற்றமும் தரும் இப்படிப்பட்ட முடிவுக்குப் பின் நீச்சல்காரர்கள் வழக்கமாக இரண்டில் ஒன்றில் விழுவார்கள்: இதுவே போதும் என்று தளர்வது, அல்லது அடுத்த போட்டியில் முதல் 100 மீட்டரிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடுவது. சஜன் இரண்டிலும் விழவில்லை என்பதற்கு ஒரே வாரத்தில் குறைந்த 0.58 விநாடி சாட்சி. 1:57.75இலிருந்து 1:56.96க்கு வர மூன்றாண்டு ஆயிற்று; அடுத்த அரை விநாடிக்கு ஏழு நாள் போதுமாயிற்று. பெல்கிரேடை முடிவாகக் கருதாமல் கூர்தீட்டலாகக் கருதிய திட்டம் இது. பயிற்சியாளரின் நிதானமும் நீச்சல்காரரின் நிதானமும் ஒன்றாய்ப் பொருந்திய வாரம் அது. முறை என்ற அளவில் 2021 ஆயத்தத்தின் மிகச் சிறந்த பகுதி இதுதான்; இந்திய நீச்சலில் இதற்கு ஈடான இன்னொரு வாரத்தை என்னால் காட்ட முடியவில்லை.

இனி மறுபக்கம். ஜூலை 26 மாலை டோக்கியோவில் 200 மீட்டர் பட்டர்ஃபிளையின் தொடக்கச் சுற்று. சஜன் 1:57.22 எடுத்து 24ஆம் இடம் பெற்றார். முதல் பதினாறு பேருக்குத்தான் அரையிறுதி. ரோமைவிட 0.84 விநாடி மெதுவாக நீந்தியிருந்தார். ஒரு சாணில் வாங்கிய தகுதிக்குப் பிறகு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் பின்னே போனார். அதற்கு முந்தைய நாள் ஸ்ரீஹரி 54.31 எடுத்து 27ஆம் இடம். அவரும் ரோமைவிட 0.54 விநாடி மெதுவு, அதாவது 1 சதவீதம். இருவர், இரு பயிற்சியாளர்கள், இரு வேறு நீச்சல் முறைகள், ஒரே விதமான சரிவு. ஒருவருக்கு நேர்ந்திருந்தால் அன்றைய உடல்நிலை என்று விட்டுவிடலாம். இருவருக்கும் நேர்ந்தபோது திட்டத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

முப்பது நாள் இடைவெளி போதாது என்று ஒரு விளக்கம் சொல்லப்படுவதுண்டு. அதை அப்படியே ஏற்க முடியவில்லை. அமெரிக்கர்கள் ஒமாஹாவில் தங்கள் தேர்வுப் போட்டியை ஜூன் 13 முதல் 20 வரை நடத்தினார்கள். ஆஸ்திரேலியர்கள் அடிலெய்டில் ஜூன் 12 முதல் 17 வரை. ஆஸ்திரேலியா முன்பு இதைவிட வெகு முன்பே தேர்வை வைத்துக்கொண்டிருந்தது. ஒலிம்பிக்குக்குச் சுமார் ஐந்து வாரம் முன்னால் என்று வேண்டுமென்றேதான் நகர்த்தியது. அடிலெய்டில் கெய்லி மெக்கியோன் 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கில் 57.45 என்று உலக சாதனை படைத்தார். டோக்கியோ இறுதிப் போட்டியில் 57.47 எடுத்துத் தங்கம் வென்றார். இடையில் தவறியது 0.02 விநாடி. ஐந்து ஆறு வாரத்தில் இரண்டு உச்சத்தைத் தொட முடியும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று வேண்டியதில்லை.

ஆனால் இந்த ஒப்பீட்டை இங்கேயே நிறுத்தினால் அது அநியாயம். மெக்கியோனுக்குத் தேர்வு நாள் எது என்று வெகு முன்பே தெரியும். அந்த ஒரு நாளுக்கு ஒரு டேப்பர்; பிறகு சில வாரம் மீண்டும் சுமை ஏற்றி, ஒலிம்பிக்குக்கு இரண்டாவது டேப்பர். உடம்புக்கு இதன் வடிவம் புரியும். சஜனும் ஸ்ரீஹரியும் நேரத்தைத் துரத்த வேண்டியிருந்தது. பெல்கிரேடில் தவறினால் ரோம், ரோமின் போட்டியில் தவறினால் காலக்கெடு நாளில் நேரச் சோதனை. துரத்தும்போது டேப்பர் நீண்டுகொண்டே போகும். சுமையை மீண்டும் ஏற்றினால் கால் கனக்கும், அடுத்த வாரத் தகுதி போய்விடும். ஏற்றாமல் இருந்தால் பல மாதம் கட்டிய தாங்குதிறன் மெல்லக் கரையும். கரைவது தெரிய மூன்று நான்கு வாரம் ஆகும். ஜூன் கடைசியில் உச்சத்தில் இருந்த உடம்பு ஜூலை கடைசியில் தளர்ந்ததற்கு ஏற்ற விளக்கம் இந்த நீட்சியில் கிடைக்கிறது. நாட்களின் எண்ணிக்கை இரண்டாம்பட்சம்.

அப்படியானால் துரத்தியது பிழையா? இல்லை. இங்கே கறாராக இருக்க வேண்டும். ‘பி’ நேரம் 1:59.97, அதை எட்டியவர் அழைப்புக்காகக் காத்திருக்க வேண்டும். ‘ஏ’ எட்டியவர் கேட்காமலே போகலாம். எல்லையின் விளிம்பில் ஓரிருவரே நிற்கும் நாடு அமெரிக்காவைப் போல ஒரே தேர்வுப் போட்டி என்று கதவைச் சாத்திக்கொள்ள முடியாது. கிடைக்கும் ஒவ்வொரு குளத்திலும் இறங்கிப் பார்ப்பதுதான் அறிவுடைமை. சஜன் துரத்தாமல் டோக்கியோவுக்காகத் தன் உச்சத்தைச் சேமித்திருந்தால் டோக்கியோவுக்கு ‘ஏ’ நேரத்தோடு போயிருக்க மாட்டார். தேர்ந்தெடுத்த வழி சரி. அதன் விலையும் உண்மை. வழி சரியாக இருந்ததால் விலையைப் பேசக்கூடாது என்று ஆகிவிடாது.

ஸ்ரீஹரியின் தகுதியில் இன்னொரு நுட்பமான கேள்வி இருக்கிறது. அவர் 53.77 எடுத்தது பதக்கமோ சுற்றோ இல்லாத நேரச் சோதனையில். உலக நீச்சல் கூட்டமைப்பு அதை ஏற்றுக்கொண்டதாக அறிவிக்கச் சில நாட்கள் ஆயின. விதிப்படி அந்த நேரம் முழுமையானது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஆயத்தத்தின் தரத்தை மதிப்பிடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நேரச் சோதனையில் எதிரி கடிகாரம் மட்டுமே. பக்கத்து லேனில் ஒருவர் முதல் 50 மீட்டரில் அரை உடல் முன்னே போகும்போது தன் தாளத்தை விடாமல் இருக்கும் பயிற்சி அதில் கிடைக்காது. கடிகாரத்தை வெல்லக் கற்ற மனத்துக்கு எட்டு பேர் நடுவே நீந்தும் மனத்தைத் தனியாகக் கட்ட வேண்டும். 2022 பர்மிங்காம் காமன்வெல்த் விளையாட்டில் அவர் இறுதிப் போட்டிக்கு வந்து ஏழாம் இடம் பெற்றபோது எடுத்த நேரமும் 54.31. டோக்கியோவின் அதே நேரம். பெரிய மேடையில் நிலையாக இருக்கிறார் என்று இதை நல்ல விதமாகவும் படிக்கலாம். அவருடைய ரோம் நீச்சல் பெரிய மேடையில் இன்னும் நிகழவில்லை என்று கண்டிப்பாகவும் படிக்கலாம். இரண்டாவது வாசிப்பே எனக்குச் சரியாகப் படுகிறது.

2024 பாரிஸ் வந்தபோது எல்லைகள் இறுகியிருந்தன. 200 மீட்டர் பட்டர்ஃபிளைக்கு 1:55.78, 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்குக்கு 53.74. ஸ்ரீஹரி ரோமில் எடுத்த 53.77 பாரிஸுக்கு 0.03 விநாடி போதாது. நீரில் அது மூன்று விரற்கடை. சஜனின் ரோம் நேரமோ அரை விநாடிக்கு மேல் பின்னே. இந்தியர் எவரும் நேரத்தால் தகுதி பெறவில்லை. ஸ்ரீஹரியும் 14 வயது தினிதி தேசிங்குவும் ஒதுக்கீட்டு இடங்களில் போனார்கள். 2016இன் நிலைக்கே திரும்பிவிட்டோம் என்று சொல்வது மிகை; ஆனால் 2021இல் திறந்த கதவு திறந்தே இருக்கும்படி யாரும் எதையும் கட்டவில்லை என்பது மிகையல்ல.

காஞ்சியில் இருந்துகொண்டு இதை எழுதுவதால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. இந்த ஊரில் தண்ணீருக்குப் பெயர் உண்டு, புராணம் உண்டு. அனந்தசரஸ், சர்வதீர்த்தம் என்று கோயில் குளங்களைச் சொல்லிக்கொண்டே போகலாம். கிணற்றிலும் குளத்திலும் அஞ்சாமல் குதிக்கும் பிள்ளைகளை எந்தத் தலைமுறையிலும் பார்க்கலாம். ஆனால் நேரத்தால் அளக்கப்படும் நீச்சலுக்குத் தண்ணீர் போதாது. 50 மீட்டர் நீளம், லேன் கயிறு, தொடுபலகை, ஒரே சீரான வெப்பநிலை, காலையிலும் மாலையிலும் கரையில் நிற்கும் பயிற்சியாளர் வேண்டும். 1995 தெற்காசிய விளையாட்டுக்காகச் சென்னை வேளச்சேரியில் கட்டிய வளாகம் இங்கிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர். விடியுமுன் ஒரு பயிற்சி, பள்ளி முடிந்து இன்னொரு பயிற்சி என்று நீந்த வேண்டிய பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தத் தூரம் போகவே முடியாத தூரம். தறிக்காரர் வீடு தறியை விட்டு இடம்பெயராது. நெய்வேலியில் சாந்திமோளின் மகனுக்குக் குளம் நகரியத்துக்குள்ளேயே இருந்தது. ஒரு பொதுத்துறை நிறுவனம் தன் ஊழியர் குடியிருப்புக்குக் கட்டிய குளம், எந்த ஒலிம்பிக் திட்டத்திலும் சேராதது. இந்தியாவின் முதல் ‘ஏ’ நேரத்துக்கு அந்தக் குளத்தின் பங்கு ரோம் குளத்தின் பங்குக்குக் குறைந்ததல்ல. தகுதிச்சுற்றின் மனநிலை பற்றிப் பேசும்போது அந்த மனம் பத்து வயதில் எவ்வளவு தூரத்தில் தண்ணீரைக் கண்டது என்பதையும் சேர்த்துப் பேசினால்தான் மதிப்பீடு முழுமையாகும்.

என் தீர்ப்பு இது. பெல்கிரேடிலிருந்து ரோம் வரையிலான ஆயத்தம் முதல் தரம். அதில் திட்டம், நிதானம், துணிவு மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. ரோமிலிருந்து டோக்கியோ வரையிலான ஆயத்தத்துக்கு அந்தத் தரம் இல்லை; துரத்தலில் நீண்டுபோன உச்சத்தை இரண்டாவது முறை கட்ட முடியவில்லை, இணைப்பு விட்டுப்போனது. இந்தக் குறையில் நீச்சல்காரருடைய பங்கு சிறியது. பெரும்பங்கு நாட்காட்டியைச் சேரும்: 2019 மார்ச்சில் திறந்த கதவுக்குள் 2021 ஜூனில், காலக்கெடுவின் கடைசி இரண்டு நாளில் நுழையும்படி ஆனதற்குக் காயமும் தொற்றும் பாதிக் காரணம். மீதிப் பாதிக்குக் காரணம், வெளிநாட்டுப் போட்டிகளை ஆண்டு முழுவதும் முறையாகக் கொடுத்து, தகுதியை முன்கூட்டியே வாங்கவைத்து, பிறகு ஒலிம்பிக்குக்கு மட்டும் உச்சம் கட்டவைக்கும் ஏற்பாடு நம்மிடம் இல்லாதது. அடுத்த தகுதிக்காலத்தில் ஒரு இந்தியர் எல்லையைத் தொடும் தேதியை முதலில் பாருங்கள். நேரத்தைப் பிறகு பார்க்கலாம். ஒலிம்பிக்குக்கு எட்டு மாதம் முன்பே தொட்டிருந்தால் அதுவே ரோமைவிட மேலான நீச்சல்.